ஏழு தலைமுறை, ஒரு பாதிரியார்கூட இல்லாமல்: நாகசாகியின் மறைந்த கிறிஸ்தவர்கள்

இன்னைக்கு நாம போகப் போறது ஜப்பானுக்கு. ஆனா கிளம்புற இடம் தூத்துக்குடி, எங்க ஆச்சி வீடு.

எங்க வீட்டுல சாயங்காலம் ஏழு மணின்னா செபமாலை. டிவியில என்ன ஓடினாலும், யார் விருந்துக்கு வந்திருந்தாலும், ஆச்சி பாயை விரிச்சு உட்கார்ந்துட்டா எல்லாரும் உட்காரணும். முடிஞ்சதும் பெரியவங்க ஒவ்வொருத்தர் முன்னாடியும் போய் ஸ்தோத்திரம் சொல்லணும். அவங்க நெற்றியில சிலுவை போட்டு விடுவாங்க. காலையில சண்டை போட்டுக்கிட்ட அப்பாவும் சித்தப்பாவும் அந்த நேரத்துல ஒரே பாயில உட்கார்ந்துதான் ஆகணும். சின்ன வயசுல எனக்கு அது பக்தியா எல்லாம் தெரியலை. ஹோம்வொர்க் மாதிரி ஒரு வேலை, அவ்வளவுதான்.

2020 லாக்டவுன்ல கோயில் கதவைப் பூட்டினப்போ நான் வீட்டுல இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை யூடியூப் பூசை, பாதியில பஃபரிங். நாங்க எல்லாரும் வைஃபையைத் திட்டிக்கிட்டு இருந்தோம். ஆச்சி மட்டும் அசரலை. “சாமியார் வரலைன்னா என்ன, மாதா வராமயா போயிருவா?”ன்னு கேட்டுட்டு பாயை விரிச்சாங்க.

போன வருஷம் ஆச்சி தவறிட்டாங்க. முப்பதாம் நாள் பூசை முடிஞ்சு நான் பெங்களூருக்குத் திரும்பின பிறகு அம்மா போன் பண்ணினாங்க. “இனிமே வீட்டுல யாருப்பா முன்ன நின்னு சொல்றது?”ன்னு ஒரே ஒரு கேள்வி. அண்ணன் துபாய்ல, அக்கா சென்னையில, எனக்கு ஏழு மணிக்கு அமெரிக்க டீமோட கால். என்கிட்ட பதில் இல்லை.

அந்தக் கேள்வி மனசுல ஓடிக்கிட்டு இருந்தப்போதான் நாகசாகி கிறிஸ்தவர்களைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன். கோயில் இல்லை, பூசை இல்லை, பாதிரியார் இல்லை, வேதாகமமும் கையில இல்லை. பிடிபட்டா மரணம். அப்படி இருநூறு வருஷத்துக்கு மேல அவங்க விசுவாசத்தைக் காப்பாத்தி இருக்காங்க. எப்படி? அதுதான் இன்னைக்கு எபிசோட்.

முத்துக்குளித்துறையில் இருந்து ககோஷிமாவுக்கு

கதையின் முதல் ஆளை நமக்கு நல்லாத் தெரியும். புனித பிரான்சிஸ் சவேரியார். 1542 கடைசியில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1535-37 வாக்கில், பரதவர்கள் பெருந்திரளாக ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். ஆனால் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. உள்ளூர்க்காரர்கள் உதவியோடு மந்திரங்களைத் தமிழில் பெயர்த்து, அதை மனப்பாடம் செய்து கொண்டு ஊர் ஊராக நடந்தார்.

அவர் எழுதின கடிதங்கள்ல ஒரு விஷயம் என்னை ரொம்பக் கவர்ந்தது. அவர் முக்கியமா நம்பினது குழந்தைகளை. கத்துக்கிட்ட மந்திரத்தை வீட்டுக்குப் போய் அப்பா, அம்மா, அக்கம்பக்கத்துக்காரங்களுக்குச் சொல்லிக் கொடுங்கன்னு அனுப்புவார். தான் அடுத்த ஊருக்குப் போன பிறகு ஜெபத்தை நடத்த ஒவ்வொரு ஊரிலும் ஒருவரை நியமித்தார். அவர்களைக் கணக்கப்பிள்ளை என்று அழைத்தார்கள். ‘நான் இங்க இல்லாதப்போ என்ன ஆகும்?’ங்கிற கேள்வியை அவர் முதல்லயே கேட்டுட்டார்.

1549 ஆகஸ்ட் 15, மாதா விண்ணேற்புத் திருநாளன்று, அதே சவேரியார் ஜப்பானின் ககோஷிமாவில் இறங்கினார். இரண்டு வருஷம்தான் அங்கே இருந்தார். ஆனால் அவருக்குப் பின்னால் வந்தவர்களின் பணி வேகமாகப் பரவியது. 1600-களின் தொடக்கத்தில் ஜப்பானில் சுமார் 3 லட்சம் கிறிஸ்தவர்கள் இருந்திருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. நாகசாகி கிட்டத்தட்ட கிறிஸ்தவ நகரமாகவே ஆகியிருந்தது.

போர்த்துக்கீசியர் வழியாகப் போன சொற்களும் அங்கே தங்கிவிட்டன. ஜப்பான்காரங்க இன்னைக்கும் ரொட்டியை ‘பான்’னுதான் சொல்றாங்க. யாழ்ப்பாணத்துல ‘பாண்’. ஒரே வேர்.

கதவு மூடப்படுகிறது

1587-ல் ஆட்சியாளர் ஹிதேயோஷி பாதிரியார்களை வெளியேறச் சொல்லி ஆணை போட்டார். 1597 பிப்ரவரி 5 அன்று நாகசாகியின் நிஷிசாகா குன்றில் 26 பேர் சிலுவையில் அறையப்பட்டார்கள். அவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். அடுத்து வந்த தொக்குகாவா அரசு 1614-ல் நாடு முழுவதும் கிறிஸ்தவத்தைத் தடை செய்தது. 1637-38-ல் ஷிமாபாரா பகுதியில் வரிக்கொடுமையும் மத ஒடுக்குமுறையும் தாங்காமல் விவசாயிகள் கிளர்ந்தெழுந்தார்கள். கோட்டைக்குள் இருந்தவர்கள் கிட்டத்தட்ட மொத்தமாகக் கொல்லப்பட்டார்கள். 1644-ல், நாட்டுக்குள் எஞ்சியிருந்த கடைசிப் பாதிரியார் கொனிஷி மான்ஷோவும் கொல்லப்பட்டார்.

இந்தக் காலகட்டத்தில் அரசு ஒரு முழுமையான கண்காணிப்பு அமைப்பையே கட்டியது. ஒவ்வொரு குடும்பமும் ஏதாவது ஒரு பௌத்த கோயிலில் பதிவு செய்திருக்க வேண்டும். ஐந்து ஐந்து வீடாகக் குழு பிரித்து, ஒரு வீடு தப்பு செய்தால் மற்ற வீடுகளும் பொறுப்பு என்றார்கள். காட்டிக் கொடுத்தால் வெள்ளிக்காசு தருவதாக ஊர்ப் பொது இடங்களில் பலகை வைத்தார்கள்.

அப்புறம் ஃபூமியே. இயேசுவின் உருவமோ மாதாவின் உருவமோ பதித்த ஒரு தகட்டைத் தரையில் வைத்து, நாகசாகி பகுதியில் ஒவ்வொரு புத்தாண்டுத் தொடக்கத்திலும் ஊரே வரிசையில் வந்து அதை மிதிக்க வேண்டும். தயங்கினால் சந்தேகம். சந்தேகம் வந்தால் விசாரணை.

நான் வேலை செய்யுற துறையில ஒரு கேள்வி கேட்போம். எந்த ஒரு பாகம் விழுந்தா மொத்த சிஸ்டமும் விழும்? கத்தோலிக்கத் திருச்சபையில அது பாதிரியார்னு அரசு நினைச்சது. பூசை, பாவசங்கீர்த்தனம், நற்கருணை எல்லாத்துக்கும் அவர் வேணும். அவரை எடுத்துட்டா ஒரு தலைமுறையில தானா அடங்கிடும். நியாயமான கணக்குதான். ஆனா தப்பாப் போச்சு.

மூன்று வேலை, மூன்று ஆட்கள்

பாதிரியார்கள் துரத்தப்படுவதற்கு முன்பே ஊர்களில் விசுவாசிகளின் சங்கங்கள் இருந்தன. நோயாளியைப் பார்ப்பது, ஏழைக்கு உதவுவது, இறந்தவரை அடக்கம் செய்வது, சேர்ந்து ஜெபிப்பது எல்லாம் அவர்கள் வேலை. தடை வந்தபோது அதே சங்கங்கள்தான் தலைமறைவு வாழ்க்கைக்கு எலும்புக்கூடாக அமைந்தன.

நாகசாகிக்குப் பக்கத்தில் இருந்த உரகாமி கிராமத்தை எடுத்துக்குவோம். அங்கே மூன்று பொறுப்புகள் இருந்தன. ஒருவர் சோகாத்தா. அவர்தான் நாள்காட்டியைக் காப்பவர்: எந்த நாள் திருநாள், எந்த நாள் ஒருசந்தி, எந்த நாளில் வேலை செய்யக்கூடாது என்று கணக்குப் போட்டுச் சொல்பவர். அடுத்தவர் மிசுகாத்தா. ‘மிசு’ என்றால் தண்ணீர். பிறந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பவர். மூன்றாமவர் கிகியாகு, செய்தி சொல்பவர். இந்த வாரத்துத் திருநாள் விவரங்களை வீடு வீடாகக் கொண்டு போய்ச் சேர்ப்பவர்.

இவர்கள் எல்லாம் விவசாயிகள். பகலில் வயலில் நின்றவர்கள். தலைவர் பொறுப்பு உரகாமியில் ஏழு தலைமுறை கைமாறி வந்தது. நடுவில் காட்டிக் கொடுக்கப்பட்டார்கள். 1790, 1842, 1856 என்று மூன்று முறை கைது அலை வந்தது. ஏழாவது தலைவர் 1856-ல் பிடிபட்டதோடு அந்தப் பொறுப்பு முடிந்தது.

இந்தப் பட்டியலை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இதுல பிரசங்கி இல்லை. இறையியல் அறிஞர் இல்லை. தேதி சொல்ல ஒருத்தர், தண்ணி ஊத்த ஒருத்தர், சேதி சொல்ல ஒருத்தர். ஒவ்வொரு வேலையும் இன்னொரு வீட்டுக் கதவைத் தட்டினாதான் முடியும். தனியா ஒருத்தர் வீட்டுக்குள்ள உட்கார்ந்து ‘நான் மனசுக்குள்ள நம்பிக்கிறேன்’னு சொன்னா இந்த அமைப்பு நடக்காது. அண்டை வீட்டுக்காரரை ஒற்றராக்கப் பார்த்தது அரசு. இவங்க அதே அண்டை வீட்டுக்காரரை ஞானத்தகப்பன் ஆக்கினாங்க.

நாள்காட்டி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லணும். அது 1634-ஆம் ஆண்டுக்கான திருவழிபாட்டு நாள்காட்டியை அடிப்படையாகக் கொண்டது. பஸ்தியான் என்ற ஜப்பானிய உபதேசியாரின் பெயரோடு அதைச் சேர்த்துச் சொல்வது மரபு. ஜப்பானில் அப்போது சந்திரனை வைத்துக் கணக்கிடும் நாள்காட்டி. ஆகவே ஒவ்வொரு ஆண்டும் திருநாட்களை அதற்கேற்ப மாற்றிக் கணக்கிட வேண்டும். பஸ்தியான் ஒரு வாக்கும் விட்டுப் போனார் என்று நம்பினார்கள்: ஏழு தலைமுறை வரை உங்களை என் பிள்ளைகளாக எண்ணுவேன், அதன் பின் பெரிய கறுப்புக் கப்பலில் பாவசங்கீர்த்தனம் கேட்பவர்கள் வருவார்கள் என்று.

வீட்டுக்குள் என்ன நடந்தது? மந்திரங்களை ‘ஒராஷோ’ என்றார்கள். ஜெபம் என்பதற்கான லத்தீன் சொல்லில் இருந்து வந்த பெயர். லத்தீன், போர்த்துக்கீசு, ஜப்பானிய மொழி எல்லாம் கலந்து வாய்வழியாக வந்ததில் பல வார்த்தைகள் தேய்ந்து, சொல்பவருக்கே அர்த்தம் தெரியாத நிலைக்குப் போயின. குழந்தையை ஏந்திய கன்னோன் என்ற பௌத்தச் சிலையை மாதாவாக வணங்கினார்கள். வீட்டில் சாவு விழுந்தால் பௌத்தத் துறவி வந்து சூத்திரம் ஓதியே ஆக வேண்டும். அவர் ஓதும்போது வேறொரு அறையில் இவர்கள் தங்கள் ஜெபத்தைச் சொல்வார்கள்.

மிதித்த கால்

இப்ப கஷ்டமான இடத்துக்கு வருவோம். இவங்க மிதிச்சாங்களா? ஆமா, மிதிச்சாங்க. பெரும்பாலானவங்க வருஷா வருஷம் மிதிச்சாங்க. மிதிக்காதவங்க வழி அங்கேயே முடிஞ்சுபோச்சு. இருநூறு வருஷம் தொடர்ந்து வந்தது மிதிச்சவங்களோட வம்சம்.

மிதித்துவிட்டு வீட்டுக்கு வந்து என்ன செய்தார்கள்? 1603-ல், தடைக்கு முன்பு, ஒரு சிறு நூல் வெளிவந்திருந்தது. பாதிரியார் கிடைக்காத நிலையில், தண்டனைக்குப் பயந்து அல்ல, கடவுள் மேல் உள்ள அன்பினால் மனம் நொந்து வருந்தினால் பாவம் மன்னிக்கப்படும் என்ற போதனையை அது விளக்கியது. அதைக் கையால் பிரதி எடுத்து எடுத்து இவர்கள் பாதுகாத்தார்கள். மிதித்த அன்று இரவு வீட்டில் அந்த மனஸ்தாப ஜெபம்.

இதைப் படிச்சப்போ நான் லேப்டாப்பை மூடி வச்சிட்டேன். ஏன்னா எங்க ஆச்சி ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னாடி கடைசியாச் சொல்றது உத்தம மனஸ்தாப மந்திரம். அதே போதனைதான். “இதை எதுக்குத் தினமும் சொல்றீங்க?”ன்னு ஒருதடவை கேட்டிருக்கேன். “காலையில முழிப்பு வருமான்னு யாருக்குத் தெரியும்”னாங்க. எனக்கு அது ஒரு பழைய காலத்துப் பயமாத்தான் பட்டுச்சு. நாகசாகியில அந்த ஒரு ஜெபம்தான் மிதிச்ச ஒரு மனுஷனை மறுநாள் காலையில திரும்பவும் ஒரு கிறிஸ்தவனா எழுந்திரிக்க விட்டிருக்கு.

இது கோழைத்தனமா, விசுவாசமா? எழுத்தாளர் ஷூசாகு எண்டோ இந்தக் கேள்வியை வச்சுத்தான் 1966-ல ‘மௌனம்’ நாவலை எழுதினார். என் கருத்தைச் சொல்லணும்னா, தீர்ப்பு சொல்ற இடத்துல நான் இல்லை. ஆபீஸ் கேண்டீன்ல சாப்பாட்டுக்கு முன்னாடி சிலுவை போட வெட்கப்பட்டு நெற்றியைச் சொறியுற மாதிரி நடிச்சவன் நான். என்னை யாரும் மிரட்டலை. எனக்கு ஃபூமியேவும் வைக்கலை.

17-வது நாள்

1858-ல் வெளிநாடுகளோடு ஒப்பந்தம் போட்டு ஜப்பான் சில துறைமுகங்களைத் திறந்தது. வெளிநாட்டவர் தங்களுக்கென வழிபாட்டு இடம் கட்டிக்கொள்ளலாம். ஜப்பானியருக்குத் தடை அப்படியே இருந்தது. பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபை (புதுச்சேரியில் நீண்டகாலம் பணியாற்றிய அதே சபைதான்) நாகசாகியில் ஓவுரா தேவாலயத்தைக் கட்டியது. 1865 பிப்ரவரியில் அது அர்ச்சிக்கப்பட்டது.

ஒரு மாதம் கழித்து, மார்ச் 17 மதியம், பதினைந்து பேர் அளவுக்கு ஒரு கூட்டம் கோயில் வாசலில் வந்து நின்றது. பிரெஞ்சுப் பாதிரியார் பெர்னார் பெத்தீஜான் கதவைத் திறந்து விட்டு, உள்ளே போய் முழந்தாளிட்டு ஜெபித்தார். ஒரு பெண் அவர் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில், எங்கள் எல்லாருடைய இதயமும் உங்கள் இதயமும் ஒன்றுதான் என்ற பொருளில் சொன்னார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார் பெத்தீஜான். உரகாமி என்றார்கள். அடுத்து அந்தப் பெண் கேட்டது, மரியன்னை சிலை எங்கே என்று.

சிலை முன்னால் நின்று குழந்தை இயேசுவைப் பார்த்துவிட்டு, அவர் பிறந்த நாளைத் தாங்கள் கொண்டாடுவதைப் பற்றிப் பேசினார்கள். அப்புறம், இப்போது துக்க காலத்தின் 17-வது நாள் அல்லவா என்று கேட்டதாகப் பெத்தீஜான் எழுதி வைத்திருக்கிறார். துக்க காலம்னா தவக்காலம்.

நான் இதைச் சரிபார்த்தேன். அந்த வருஷம் ஈஸ்டர் ஏப்ரல் 16. ஆபிரகாம் லிங்கன் சுடப்பட்ட ஏப்ரல் 14 பெரிய வெள்ளி, அதை வச்சே கண்டுபிடிச்சிடலாம். அப்போ சாம்பல் புதன் மார்ச் 1. மார்ச் 17 தவக்காலத்தின் சரியா 17-வது நாள்.

ரெண்டு கம்ப்யூட்டரை நெட்வொர்க்ல இருந்து துண்டிச்சு வச்சா, கொஞ்ச நாள்லயே அதுங்க கடிகாரம் ஒண்ணுக்கொண்ணு விலகிப் போயிடும். இவங்க ரோமோட தொடர்பே இல்லாம இருநூறு வருஷத்துக்கு மேல இருந்திருக்காங்க. எழுதப் படிக்க அதிகம் வாய்ப்பில்லாத விவசாயிகள். ஒரு நாள்கூட விலகலை. யாரோ ஒருத்தர் ஒவ்வொரு வருஷமும் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கார். யாரோ ஒருத்தர் ஒவ்வொரு வாரமும் நடந்து போய்ச் சொல்லியிருக்கார்.

சந்தோஷமான முடிவு உடனே வரவில்லை

இத்தோட முடிஞ்சிருந்தா நல்ல சினிமா. ஆனா 1867-ல் உரகாமி மக்கள் தங்கள் வீட்டு இறந்தவர்களைப் பௌத்தத் துறவி இல்லாமல் அடக்கம் செய்ய ஆரம்பித்தார்கள். இனி ஒளிய மாட்டோம் என்று முடிவெடுத்துவிட்டார்கள். கைது தொடங்கியது. அடுத்து வந்த மெய்ஜி அரசு இன்னும் கடுமையாக நடந்தது. சுமார் 3,400 பேரை, கிட்டத்தட்ட ஊரையே, பல மாகாணங்களுக்கு நாடு கடத்தினார்கள். சுவானோ என்ற ஊரில் குளிர்காலக் குளத்தில் இறக்கிச் சித்திரவதை செய்தார்கள். 600-க்கும் அதிகமானோர் திரும்பி வரவில்லை. வெளிநாட்டுக் கண்டனங்களுக்குப் பிறகு 1873 பிப்ரவரியில் தடைப் பலகைகள் எடுக்கப்பட்டன. உயிர் பிழைத்தவர்கள் ஊர் திரும்பினார்கள். அந்தக் கொடுமையான காலத்துக்கு அவர்கள் வைத்த பெயர் ‘பயணம்’.

திரும்பியவர்களில் இவானாகா மாகி என்ற இளம்பெண் இருந்தார். 1874-ல் கொள்ளைநோய் பரவியபோது இன்னும் சில பெண்களோடு சேர்ந்து நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார். பிறகு அநாதைக் குழந்தைகளை எடுத்து வளர்த்தார். சுதந்திரம் கிடைச்சதும் அவங்க செஞ்ச முதல் வேலை அது.

உரகாமி மக்கள் ஃபூமியே மிதிக்கப்பட்ட ஊர்த்தலைவர் வீட்டு இடத்தையே வாங்கி, அங்கே பெரிய கோயிலைக் கட்டினார்கள். 1914-ல் அர்ச்சிக்கப்பட்டது. 1945 ஆகஸ்ட் 9 அன்று அணுகுண்டு வெடித்தது அந்தக் கோயிலுக்கு மிக அருகில். பங்கின் சுமார் 12,000 பேரில் 8,500 பேர் வரை இறந்தார்கள். மறுபடியும் கட்டினார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கு. 1873-க்குப் பிறகு எல்லாரும் திருச்சபைக்குத் திரும்பலை. இகிட்சுகி தீவு போன்ற இடங்களில் பலர் தங்கள் முன்னோர் சொல்லித் தந்த ஒராஷோவையே தொடர்ந்தார்கள். பாதிரியார் சொல்லும் சரியான வடிவத்தைவிட, தாத்தா உயிரைப் பணயம் வைத்துக் கொடுத்ததை விட அவர்களுக்கு மனம் வரவில்லை. இன்று அந்தக் குழுக்கள் மிகவும் சுருங்கிவிட்டன. இளைஞர்கள் வேலைக்காக நகரங்களுக்குப் போய்விட்டார்கள். 2018-ல் அந்தப் பகுதியின் 12 இடங்களை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. தொக்குகாவா அரசால இருநூறு வருஷத்துல செய்ய முடியாததை, நல்ல சம்பளமும் தூரத்து ஊரும் சில பத்து வருஷத்துல செஞ்சிடுச்சு. இதைச் சொல்லும்போது நான் அந்தத் தீவுக்காரங்களைக் குறை சொல்லலை. பெங்களூர்ல உட்கார்ந்திருக்கிற என்னைத்தான் சொல்றேன்.

அம்மாவின் கேள்வி

நம்ம பக்கத்துலயும் இதே கதை உண்டு. 1658-ல் டச்சுக்காரர்கள் யாழ்ப்பாணத்தைப் பிடித்துக் கத்தோலிக்கத்தைத் தடை செய்தார்கள். 1687-ல் கோவாவில் இருந்து ஜோசப் வாஸ் அடிகளார் ரகசியமாக வரும்வரை, அந்தத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் பெரும்பாலும் வீட்டு ஜெபத்தை நம்பித்தான் இருந்தார்கள். பிச்சைக்காரர் வேடத்தில் வந்த அவர், தம் மக்களை அடையாளம் காணக் கழுத்தில் ஒரு செபமாலையைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தார். 2015-ல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

விசுவாசத்தை வாழ்க்கையோட மையத்துல வைக்கிறதுன்னா பெரிய உணர்ச்சி, பெரிய தியாகம்னு நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். உரகாமியில அது ஒரு முறை வேலை. இந்த வாரம் யார் தேதி சொல்றது, யார் நடந்து போறது. ஆச்சி செஞ்சதும் அதுதான். ஏழு மணிக்குப் பாயை விரிச்சாங்க. அது இல்லைன்னா அப்பாவும் சித்தப்பாவும் பேசாமலே எத்தனை வருஷம் போயிருக்குமோ.

அம்மாகிட்ட பேசினேன். தினமும் ஏழு மணி எங்களுக்கு முடியாது, அது உண்மை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணி, துபாய்ல ஏழரை, நாலு பேரும் போன்ல. முறை வச்சிருக்கோம்: ஒரு வாரம் அக்கா, ஒரு வாரம் அண்ணன், ஒரு வாரம் நான். போன ஞாயிறு என் முறை. விசுவாச மந்திரத்துல பாதியில மறந்துட்டேன். அம்மா எடுத்துக் கொடுத்தாங்க. முடிஞ்சதும் பழக்கத்துல ஸ்தோத்திரம் சொன்னேன். போன் ஸ்கிரீன்ல அம்மா கையைத் தூக்கி சிலுவை போட்டாங்க.

உங்க வீட்டுல இந்த மாதிரி ஒரு நேரம் இருந்துதா? எந்த மதமா இருந்தாலும் சரி. யார் அதை நடத்தினாங்க, இப்ப யார் நடத்துறாங்கன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.